ஆறு நிமிட நடை

மொத்த விற்பனைக் கிடங்கில் அவனுக்குக் கிரேன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதையும் மேஸ்திரி தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தார். லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி, பலகை வழியே ஏறி, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குகிற வேலை. விடிந்ததும் கிடங்கு வாசலில் ஐம்பது பேர் நிற்பார்கள். மேஸ்திரி அதில் இருபது பேரைக் கைகாட்டுவார். காய்ச்சல் இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டும், இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். தோளைத் தொங்கப்போட்டவனை அந்த விரல் தாண்டிப் போய்விடும். பதினெட்டு வருஷத்தில் கிரேனை அது ஒருநாள்கூடத் தாண்டியதில்லை. உலகத்தில் யார் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் தெம்பாக நிற்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். படித்தவர்களின் பள்ளிக்கூடத்தில் பாடம் வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து விழுந்துகொண்டே இருந்தாள். நடக்கும்போது விழுவாள், நிற்கும்போது விழுவாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் தன் தொடையையே கையால் பிடித்துப் பிடித்து ஏறுவாள். டீச்சர் கவனம் போதாது என்றார். முதல் டாக்டர் டானிக் எழுதினார், இரண்டாவது டாக்டர் பூச்சி மருந்து எழுதினார், மூன்றாவது டாக்டர் எதையும் எழுதாமல், "செல்லம் குடுத்து வளர்த்தா இப்படித்தான்" என்று அறிவுரை எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். வசதியான வீட்டுப் பிள்ளை சோர்ந்து கிடந்தால் பரிசோதனை. இல்லாத வீட்டுப் பிள்ளை சோர்ந்து கிடந்தால் சோம்பல். மூன்று வருஷம் இப்படியே போனது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா, பிள்ளை தரையிலிருந்து எழுந்ததைப் பார்த்ததும் முகம் மாறி, ஒரு கடிதம் எழுதி, ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்.

அங்கேதான் பெரிய டாக்டர் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள், தொடையில் ஊசி குத்தித் தசையில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். அது கிரேனின் வாய்க்குள் நுழையவில்லை.

"பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வரும்" என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல ஒரு பரிசுச் சீட்டுக்கூட விழுந்ததில்ல சார். இதுக்கு மட்டும் எங்க வீட்டு விலாசம் எப்படிக் கிடைச்சுது?" என்றான் கிரேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவன் மனைவி அவன் கையைக் கிள்ளினாள்.

டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். தசைக்குள் சேருகிற கழிவை வெளியேற்ற உடம்பில் ஒரு சத்து சுரக்க வேண்டும், இவளுக்கு அது சுரப்பதில்லை, கழிவு சேரச் சேரத் தசை செத்துப்போகும். கிரேனுக்கு அது உடனே புரிந்தது. குப்பை லாரி ஒரு வாரம் வராவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று அவன் பார்த்திருக்கிறான். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் மூச்சு விடுகிற தசை. அதை டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மருந்து ஒன்று இருந்தது, ஆனால் கடையில் கிடைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றிச் சோதித்துப் பார்க்கிற ஆராய்ச்சி அப்போதுதான் தொடங்குகிறது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இடம். யாரும் எதுவும் கட்ட வேண்டாம். தகுதி இருக்கிறதா என்று இரண்டு முறை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

"தகுதி" என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். கிரேன் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டான்.

முதல் நடை அன்றைக்கே நடந்தது. நான்காவது மாடியில் நீளமான ஒரு தாழ்வாரம். இந்தக் கடைசியில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று, அந்தக் கடைசியில் ஒன்று, நடுவில் முப்பது மீட்டர். ஆறு நிமிஷம் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை போய்த் திரும்ப வேண்டும். கையில் கடிகாரமும் அட்டையுமாக ஒரு நர்ஸ் அளந்தார். அளவுக்காரம்மா என்று கிரேன் அவருக்குப் பெயர் வைத்தான். பிள்ளை அன்று இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் இருந்தாள். நடுவில் இரண்டு தரம் சுவரில் சாய்ந்து நின்றாள். முடிந்ததும் அளவுக்காரம்மா எண்ணை எழுதினார், சொல்லவில்லை.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை வாங்க" என்றார்.

கிடங்கில் மேஸ்திரி "நாளைக்கு வா" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்றைக்கு நீ தேறவில்லை.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மடிக்கிற அவன் மனைவி அதிகம் பேசாதவள். பேசினால் கேட்க வேண்டியதாக இருக்கும். அன்று பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

"என்னங்க, அங்க ஒரு கண்ணாடிக்காரம்மா உக்காந்திருந்தாங்கல்ல, அவங்க பையனுக்கும் இதே நோய்தானாம். அவங்க ஒண்ணு சொன்னாங்க. அடுத்த தடவை வரும்போது லிஃப்ட்ல வராதீங்க, புள்ளையப் படியேத்திக் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"எதுக்கு?"

"ரொம்ப நல்லா நடக்கிற புள்ளைங்கள எடுக்க மாட்டாங்களாம். அவங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல எல்லாம் படிச்சுப் பார்த்தாராம். அவங்க பையனை நாலு மாடியும் படியேத்தித்தான் கூட்டிட்டு வந்தாங்களாம்."

கிரேன் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தான்.

"எத்தனை இடம்னு சொன்னாரு டாக்டர்?"

"பன்னெண்டு."

"அவங்க பையனும் அதே பன்னெண்டுக்குத்தான நிக்கிறான்? வரிசையில நிக்கிறவன் பக்கத்துல நிக்கிறவனுக்கு வழி சொல்லுவானா? சந்தைக்கு மாட்டைக் கொண்டு போறவன் பட்டினி போட்டா கொண்டு போவான்? நம்ம புள்ள தடுமாறணும், அவங்க புள்ள ஜெயிக்கணும். உனக்கு உலகம் தெரியல."

அவள் யோசித்தாள். அந்த அம்மாளின் கைப்பை, காலணி, வாசலில் காத்திருந்த கார் எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "இருக்கும்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். பிறகு எத்தனையோ நாள் அந்த "இருக்கும்" என்ற ஒரு சொல்லுக்காகத் தன் நாக்கை அறுத்துப் போடலாம் போல அவளுக்கு இருந்தது.

கண்ணாடிக்காரம்மா சொன்னது நல்ல மனசோடுதான், இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் பிள்ளையைப் போலவே தொடையைப் பிடித்து எழுகிற இன்னொரு பிள்ளையைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குத் தாங்கவில்லை. ஆனால் நல்ல மனசு காரிலிருந்து இறங்கி வந்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை நாள் காரிலிருந்து இறங்கியது எல்லாம் நமக்கு என்ன செய்ததோ, அதை வைத்துத்தானே நாமும் கணிப்போம்?

அந்த வாரம் முழுக்கக் கிரேன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. குளியலறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போனான். வெந்நீரில் துணி முக்கி, காலையும் மாலையும் கெண்டைக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தான். எதிர்வீட்டுப் பிள்ளையின் ரப்பர் அடிப்பாகம் வைத்த காலணியைக் கேட்டு வாங்கி, முன்னால் துணியடைத்து அளவு சரிசெய்தான். பிறகு தன் தொழிலின் சூட்சுமம் எல்லாவற்றையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னான்.

"எட்டி வைக்காத கண்ணு, சின்னச் சின்னதா வை. காலப் பார்க்காத, நேரா பாரு. மூச்சை மூக்குல இழு, மூக்குலயே விடு. முக்கியமா, நடுவுல நிக்காத. நின்னா மூட்டை கனக்கும்."

"என்கிட்ட மூட்டையே இல்லியேப்பா."

"உடம்பே மூட்டைதான்டா செல்லம்."

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அப்பாவின் வேலையைத் தானும் செய்யப்போகிறோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

இரண்டாவது நடை நாளில் யாரோ தெரிந்தவரின் ஆட்டோவில் வாசல்வரை கொண்டுபோய் இறக்கினான். அங்கிருந்து லிஃப்ட் வரை தோளில். லிஃப்டிலிருந்து தாழ்வாரம் வரை தோளில். கூம்புக்குப் பக்கத்தில் பூச்செண்டை வைப்பதுபோல அவளை இறக்கிவிட்டான்.

அளவுக்காரம்மா அவனைக் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார். "நீங்க எதுவும் பேசக் கூடாது. நானும் இந்த அட்டையில இருக்கிறதைத் தவிர எதுவும் பேசக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வார்த்தைதான், அதுதான் விதி."

தொடங்கியது. பிள்ளை சின்னச் சின்னதாக அடி வைத்தாள். நேராகப் பார்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று.

"நல்லா நடக்கறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்று அட்டையைப் பார்த்துப் படித்தார் அளவுக்காரம்மா.

நான்காவது நிமிஷம் பிள்ளையின் இடுப்பு வாத்துபோல அசையத் தொடங்கியது. உதடு வெளுத்தது. கை சுவரைத் தேடியது. அளவுக்காரம்மாவின் முகத்தில் அப்போது ஒரு வேண்டுதல் வந்தது. கிரேன் அதைப் பார்த்தான், ஆனால் தப்பாகப் படித்தான். விழுந்துவிடுவாளோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தான்.

"வேணும்னா நின்னு இளைப்பாறிக்கலாம்" என்று அளவுக்காரம்மா படித்தார். ஒரு தரம் படித்தவர், இன்னொரு தரமும் அதையே, கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "வேணும்னா. நின்னு. இளைப்பாறிக்கலாம்."

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேசக் கூடாது. முஷ்டியை மடக்கி நெஞ்சில் இரண்டு தரம் குத்திக் காட்டினான். அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள், நடந்தாள். கடைசி அரை நிமிஷம் அவள் நடந்தது காலால் இல்லை. எதனால் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேரம் முடிந்ததும் கால் மடங்கி விழப்போனவளைக் கிரேன் பாய்ந்து பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தம் போட்டான். அளவுக்காரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

"நல்லா நடந்திருக்கா" என்றார் பெரிய டாக்டர். "அப்பாவா நீங்க சந்தோஷப்படணும்."

"ரொம்ப சந்தோஷம் சார். மருந்து எப்போ ஆரம்பிப்பீங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த ஆராய்ச்சியில முந்நூறு மீட்டருக்குக் கீழ நடக்கிற பிள்ளைங்களைத்தான் சேர்க்க முடியும். அதுக்கு மேல நடக்கிற பிள்ளைக்கு மருந்து எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு அளக்க முடியாது."

கிரேனுக்கு முதலில் வார்த்தைகள்தான் காதில் விழுந்தன, அர்த்தம் பின்னால் வந்தது. மனைவி பக்கம் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது அவ நடை இல்ல சார். நான்தான் ஒரு வாரமா தூக்கியே வச்சிருந்தேன். ஒத்தடம் குடுத்தேன். மூச்சுப் பழக்கினேன். போன வாரம் பாருங்க, ரெண்டு தரம் நின்னா. அந்தக் கணக்கை எடுத்துக்கோங்க."

"ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் எடுக்கணும். அது நான் போட்ட விதி இல்ல."

"அப்போ இன்னொரு தடவை நடக்கச் சொல்லுங்க சார். இப்பவே. மெதுவா நடப்பா. எவ்வளவு கம்மியா வேணும்னு சொல்லுங்க, அவ்வளவு கம்மியா நடப்பா."

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "இப்ப நீங்க சொன்னதை நான் கேட்கலைன்னு வச்சுக்கறேன். கேட்டிருந்தா உங்க பொண்ணை எந்த ஆராய்ச்சியிலயும் சேர்க்க முடியாமப் போயிடும்."

கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கிரேன் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழுதிருப்பான். விதிக்குக் காலர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பெரிய டாக்டர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். மருந்து எடுக்கிற பிள்ளைகளைப் போலவே மருந்து எடுக்காத பிள்ளைகளையும் அளந்து பார்க்க வேண்டுமாம். ஒப்பீட்டுக் குழு என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், நடக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து மட்டும் கிடையாது.

"அதாவது, இவ எப்படிக் கெட்டுப் போறான்னு பார்ப்பீங்க" என்றான் கிரேன்.

"நோய் எப்படிப் போகுதுன்னு பார்ப்போம். சளி பிடிச்சா, மூச்சு திணறினா, இங்க உடனே பார்த்துக்குவாங்க. வெளியில அந்த வசதி உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு கசந்தது. மனைவி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அதை அவன் பக்கம் தள்ளினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்தைத் தேய்த்தபடி, மூன்று நாள் மழைபோலப் பேசினாள். "நல்லா நடந்தா குடுக்க மாட்டாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கேட்டீங்களா? கைக்கு வந்தது வாய்க்கு வரலியே! கொஞ்சம் கம்மியா நடந்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்குமே!" படித்துப் படித்தெல்லாம் அவள் சொல்லவில்லை, ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். கிரேன் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். ஒரே அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே போய்க் காதைப் பொத்திக்கொள்ளும்? அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இருநூற்று எண்பத்தாறு.

"சார், இப்ப முந்நூறுக்குக் கீழ வந்துட்டா" என்று கிரேன் சொன்னான். அந்த வாக்கியத்தைச் சந்தோஷமாகச் சொல்ல வேண்டியிருந்ததே, அதற்கு அவனை எந்தச் சாமியும் மன்னிக்கவேண்டியதில்லை. பன்னிரண்டு இடமும் நிரம்பிவிட்டது என்றார்கள்.

அடுத்தது இருநூற்று நாற்பது. அதற்கடுத்தது நூற்றுத் தொண்ணூற்றைந்து. பிறகு நூற்று ஐம்பது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை கொஞ்சம் சீக்கிரமாகச் சுவரில் சாய்ந்தாள், கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தாள். வீட்டிலும் விழுவது கூடித்தான் இருந்தது, மாடிப்படி ஏறுவது நின்றுபோனது. கிரேன் கோட்டுக்கு அப்பால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முஷ்டியை மடக்குவதை விட்டுவிட்டான். கிடங்கில் மூட்டை தூக்கும்போது ஒருநாள் பலகையில் நடுவழியில் நின்றுவிட்டான், கூட வேலை செய்கிறவர்கள், "என்ன கிரேன், கரண்டு போச்சா?" என்று கேலி செய்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

கண்ணாடிக்காரம்மாவின் மகனை அவ்வப்போது பார்த்தார்கள். அவன் குதித்துக் குதித்து நடந்தான். அந்த அம்மாள் ஒருநாள் கிரேனின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேனேம்மா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மனைவியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அன்று மறு கூம்புவரை ஒரு தரம் போய்த் திரும்பி, இரண்டாவது சுற்றில் எண்பத்து நான்காவது மீட்டரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேணும்னா நின்னு இளைப்பாறிக்கலாம்" என்று அளவுக்காரம்மா படித்தார். அவள் எழுந்திருக்கவில்லை. மீதி நிமிஷங்கள் வெறுமே ஓடின. எண் கம்ப்யூட்டரில் ஏறியது.

பெரிய டாக்டர் அன்று மிகவும் உற்சாகமாக இருந்தார். கிரேனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கோடுகள். ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே விழுந்தது.

"மேல போறது மருந்து எடுத்த பிள்ளைங்க. கீழ வர்றது எடுக்காத பிள்ளைங்க. இதுல உங்க பொண்ணுதான் ரொம்ப வேகமா இறங்கியிருக்கா. அவளும் இந்தக் குழுவுல இருந்ததாலதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது. மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. இந்தப் பிள்ளைங்க இல்லேன்னா நடந்திருக்காது."

"சந்தோஷம் சார்" என்றான் கிரேன்.

"அதனால மருந்துக் கம்பெனியில ஒரு நல்ல முடிவு எடுத்திருக்காங்க. ஒப்பீட்டுக் குழுவுல இருந்த பிள்ளைங்களுக்கும் மருந்தைக் குடுக்கலாம்னு சம்மதிச்சிருக்காங்க. இந்த மாசத்துலேருந்து."

கிரேன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா" என்றார் டாக்டர். அந்த ஆனாவில் அவருடைய உற்சாகமும் இறங்கித்தான் போனது. "தசை மிச்சம் இருந்தாத்தான் மருந்து பிடிக்கும். இன்னைக்கு எடுத்த அளவுல நூறு மீட்டராவது நடந்திருக்கணும். எண்பத்து நாலுன்னு வந்திருக்கு. நான் பேசிப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க."

"சார், நாளைக்கு நடக்கச் சொல்றேன். நூறுதான? நான் தூக்கியே வச்சிருந்து கூட்டிட்டு வர்றேன். நூறு நடந்துடுவா சார்."

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அன்னைக்கு இதே நாற்காலியில உக்காந்து, எவ்வளவு கம்மியா வேணும்னாலும் நடப்பான்னு சொன்னீங்க. இன்னைக்கு எவ்வளவு அதிகமா வேணும்னாலும் நடப்பான்றீங்க. நான் எதை நம்பறது, சொல்லுங்க? அளவு போயாச்சு. அவங்களுக்கு அதுதான் உண்மை."

கிரேன் வெளியே வந்தான். தாழ்வாரத்து பெஞ்சில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி கொஞ்சம் தள்ளி அளவுக்காரம்மாவிடம் அடுத்த தேதி கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதுக்குள் சொல்ல வேண்டுமாம். குனிந்தான்.

"அப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு இன்னைக்கு அவ்வளவா கால் வலிக்கல. வேணும்னேதான் உக்காந்தேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத சந்தோஷம் இருந்தது.

"எப்பலேருந்து கண்ணு?"

"போன தடவைக்கு முன்னாடி தடவைலேருந்தே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சேன்ப்பா. ஒரேயடியாக் குறைச்சா கண்டுபிடிச்சுடுவாங்கல்ல? நல்லா நடந்தா குடுக்க மாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே."

"இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்ப?"

அவள் தாழ்வாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "அந்தக் கூம்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி, இன்னொரு தடவைகூடப் போயிருப்பேன்."

கிரேன் டாக்டரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். இதை உள்ளே போய்ச் சொன்னால் மூன்றாவது பொய் என்பார்கள். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், பிள்ளைக்கும் பொய் சொல்லப் பழக்கிவிட்டான் என்பார்கள். அவள் அத்தனை சாமர்த்தியமாக வாங்கிய அந்த எண்பத்து நாலைப் பற்றி அவளிடமே எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"இப்பக் குடுத்துடுவாங்கல்லப்பா?" என்று கேட்டாள் மகள்.

மனைவி தேதி எழுதிய சீட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். கடைசிக் கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது. பதிலுக்காக அவளும் நின்றாள்.

"குடுத்துடுவாங்க" என்றான் கிரேன்.

மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் எடுத்து வைத்து, கழன்று கிடந்த செருப்பை மாட்டத் தொடங்கினாள்.